ஒன்றேகால் நொடி

சுகந்தியின் காலடியில் ஓடிக்கொண்டிருந்த ஆறு திடீரென்று அவளைக் கைவிட்டது. மேடையின் விளிம்புக்கு வந்தது, கீழே இறங்கியது, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சபாத் தலைவரின் மடியில் போய்த் தேங்கி நின்றது.

வெறும் வெளிச்சம்தான். ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஆனால் ஆற்றில் சாயப்பட்டறைக் கழிவு கலந்த பிறகு வரும் காட்சி அது. ஆகவே ஆற்றின் நிறம் மஞ்சள். தலைவர் உடுத்தியிருந்தது சலவை வேட்டி. காலை பதினொரு மணி முன்னோட்டத்துக்கு வந்திருந்த இருநூறு பேரும் முதலில் மரியாதைக்குப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். தலைவர் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போனார். ஆறும் எழுந்து கூடவே போனது. அதற்குமேல் மரியாதை தாங்கவில்லை. அரங்கமே சிரித்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரு சிட்டிகைக் குங்குமம். அதை வைத்தவர் சென்னியப்பன். ஐம்பத்தாறு வயது. கோயம்புத்தூரில் அந்த நாடகக் குழுவுக்கு முப்பது வருடமாக விளக்குப் போடுகிறவர்.

புது நாடகம் மேடையேறும் நாளில் சாமான்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைப்பது குழுவின் வழக்கம். விளக்கு, ஒயர்ப் பெட்டி, ஒலிபெருக்கி என்று தொடங்கி டீ பிளாஸ்க் வரைக்கும் யாரையும் விடமாட்டார்கள். நடிகர் போகுமிடமெல்லாம் வெளிச்சத்தைக் கூடவே ஓட்டும் இயந்திரத்துக்குக் கண்ணாகக் கூரையில் தொங்கும் எட்டு கேமராக்களை மட்டும் விட்டால் அவை மனம் கோணாதா? ஏணியைத் தேடினார் சென்னியப்பன். காணவில்லை. சரியென்று ஒரு மூங்கில் கழியின் நுனியில் பஞ்சைக் கட்டி, கீழே நின்றபடியே எட்டுக்கும் பொட்டு வைத்தார். இயந்திரத்துக்கு நெற்றி எது, கண் எது என்று கழியின் அந்தப்பக்கத்திலிருந்து தெரியவில்லை. மூன்று பொட்டு கண்ணிலேயே விழுந்துவிட்டது. பாதிக் குருடான இயந்திரத்துக்கு மேடையில் சுகந்தி அரைகுறையாகத் தெரிந்தாள், தலைவர் முழுசாகத் தெரிந்தார். முழுசாகத் தெரிந்த ஆளிடம் ஆறு போனது. இதில் இயந்திரத்தைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

முன்னோட்டம் கலைந்ததும் இயக்குநர் திருமூர்த்தி விளக்கு மேசையை நோக்கி வந்தார். சென்னியப்பன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். திட்டுவதில் திருமூர்த்திக்கு ஊரில் பெயர் உண்டு. கோயம்புத்தூர்க்காரர் ஆகையால் மரியாதையோடுதான் திட்டுவார். "மண்டைக்குள்ள என்னத்தைங்க வெச்சிருக்கறீங்க?" என்று ஆரம்பித்து, ஒரு 'ங்க' கூடக் குறையாமல் ஆளை உரித்துத் தொங்கவிடுவார்.

திருமூர்த்தி வந்தார். சென்னியப்பனின் தோளில் கை வைத்தார்.

"பரவால்லீங்கண்ணா. ஆருக்கும் நடக்கறதுதான். நீங்க சித்த உக்காருங்க."

சென்னியப்பன் உட்காரவில்லை.

ஒரு மனிதரைத் திட்டாமல் விடுகிறார்கள் என்றால் இரண்டு காரணம்தான் இருக்கமுடியும். அவர் பெரிய மனிதர் ஆகியிருக்க வேண்டும். அல்லது, அவரை அனுப்பிவிடுவதென்று முடிவு செய்திருக்க வேண்டும். தான் பெரிய மனிதர் ஆகவில்லை என்பதில் சென்னியப்பனுக்குச் சந்தேகமே இல்லை.

யோசித்துப் பார்த்தால் இது போன சித்திரையிலிருந்தே நடக்கிறது. முதலில் ஏணி மறைந்தது. கேட்டால், "ரிப்பேருக்குப் போயிருக்குதுங்க" என்றார்கள். ஏணியில் ரிப்பேர் ஆக என்ன இருக்கிறது? அப்புறம் அவருடைய முக்காலிக்குப் பதிலாக, கை வைத்த, முதுகு வைத்த, பிள்ளைத்தாய்ச்சிக்குப் போடுவது போன்ற ஒரு நாற்காலி வந்தது. அப்புறம் டீ. சுகந்தி இப்போதெல்லாம் அவருக்கு முக்கால் டம்ளர்தான் ஊற்றுகிறாள். நாடகத்தில் ஆறாக நடிப்பவள், முப்பத்தெட்டு வயசு, பத்து வருடமாக அவரை வாய் நிறைய "சென்னிண்ணா" என்று கூப்பிடுகிறவள். அவளே அளந்து ஊற்றினால் என்ன அர்த்தம்?

இன்னொன்றும் இருந்தது. வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். எப்போது விழவேண்டும் என்பது மட்டும் சென்னியப்பனின் விரலில் இருந்தது. "மூச்சு விடற ஆளுதானுங்க நாடகத்தோட மூச்சைப் பிடிக்க முடியும்" என்று இயந்திரம் வந்த அன்று திருமூர்த்தி ஊருக்கே கேட்கும்படி சொன்னார். அது இரண்டு வருடத்துக்கு முந்தி. அந்த விரலையும் இப்போது எடுத்துவிடப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. அதுவும் போய்விட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது மூங்கில் கழி ஒன்றுதான்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த மதியம் ஒரு பெண் வந்து இறங்கினாள். இயந்திரக் கம்பெனியிலிருந்து வந்த பிலோமினா. நாற்பது வயசு இருக்கும். தூத்துக்குடிக்காரி. தோளில் ஒரு பை, பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"எந்தப் புண்ணியவான் கேமராக் கண்ணுல குங்குமம் வச்சது?"

"நான்தானுங்க" என்றார் சென்னியப்பன். "உங்க மெஷினுக்குக் கண்ணு பட்டுரக் கூடாதுன்னு."

"பட்டுட்டுல்லா!"

அவள் சிரித்த சிரிப்பு அவருக்குப் பிடித்துப்போனது. பிடித்ததனாலேயே கூடுதலாகச் சந்தேகப்பட்டார். தன் இடத்துக்கு வரும் ஆள்தானா என்று சோதிக்க, ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த வெளிச்சம் எப்பிடிங்க ஆளு காலுல ஒட்டிக்குது?"

"ரெண்டு வருசமா ஓட்டுதீய, தெரியாதாக்கும்?"

"சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"கேமரா ஆளைப் பாக்கணும். கம்ப்யூட்டர் யோசிக்கணும். அதுக்குப் பொறவு புரொஜெக்டர் வெளிச்சத்தை வீசணும். இதுக்கே கால் செகண்டு ஆயிரும். அதுக்குள்ள ஆளு ஓரடி தள்ளிப் போயிருவா. வெளிச்சம் அவ பின்னாலயே நாய்க்குட்டி மாதிரி ஓடிட்டிருக்கும். அதனால, இப்ப எங்க நிக்கான்னு மெஷின் பாக்காது. அடுத்து எங்க நிப்பான்னு கணக்குப் போட்டு அங்கன போய்க் காத்திருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் நடை வேற. ஒத்திகையில பாத்துப் பாத்துப் படிச்சு, ஆளுக்கொரு கோப்பா வச்சிருக்கும்."

"அப்ப என்ற காலு எங்க போகும்னு எனக்கு முந்தி அதுக்குத் தெரியும்?"

அவள் கையிலிருந்த துணி ஒரு கணம் நின்றது.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு கூரையிலிருந்து இறக்கி வைத்திருந்த கேமராவின் கண்ணை மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

துடைத்த கண்ணுக்கு மேடையின் அளவைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் மேடையில் நடக்க வேண்டும். நடிகர்கள் எப்போதும் வெளிச்சம் எல்லாம் தயாரான பிறகுதான் வருவார்கள் என்பதால், முப்பது வருடமாக அந்த ஆள் சென்னியப்பன்தான். விளக்கு வைக்கும் வேளையில் அவர் ராஜாவாக நின்றிருக்கிறார், பிணமாகப் படுத்திருக்கிறார், கர்ப்பிணியாக இடுப்பில் கை வைத்துச் சாய்ந்திருக்கிறார். குழுவிலேயே அதிக வேடம் போட்டவர் அவர். என்ன, பார்க்க ஆள் இருக்காது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"நீங்க வேண்டாமுங்கண்ணா" என்றார் திருமூர்த்தி அவசரமாக. "அம்மிணியே நடந்துக்குவாங்க."

"ஏன், நான் நடந்தா மேடை தேஞ்சுருமுங்களா?"

"அதுக்கில்லீங்க…"

திருமூர்த்தி பிலோமினாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இருவரும் பக்கத்திரைக்குப் பின்னால் போய் ஏதோ கிசுகிசுத்தார்கள். சென்னியப்பன் நேரத்தை வீணாக்காமல் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தார். ஒளிந்து பார்ப்பது தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்த தப்பைச் செய்யும்போது குனிந்துகொள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

கோப்புகளின் பட்டியல் இருந்தது. சுகந்தி, பச்சை விளக்கு. மற்ற நடிகர்கள், பச்சை, பச்சை. கடைசியில் ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் சிவப்பு. பக்கத்தில் பூட்டு. 'உரிமையாளர்: திருமூர்த்தி.'

அந்தக் கோப்பின் பெயர் 'டம்மி'.

பெயர் வைத்தவர் அவரேதான். இயந்திரம் வந்த புதிதில் ஒவ்வொருவரும் தன் உடம்பைப் படிக்கச் சம்மதம் என்று பதினாறு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "நானென்ன நடிகனுங்களா? வெளக்கு வெக்க நிக்கற பொம்மை. டம்மின்னு போட்டுக்குங்க" என்று பதினாறு பக்கத்திலிருந்தும் தப்பித்துக்கொண்டார். படிவத்தில் மனிதனாகப் பதிந்தவர்களுக்கு அவரவர் உடம்பு அவரவர் சொத்து. பொம்மை, குழுவின் சொத்து.

ஆக, சிவப்பு விளக்கு அவருக்குத்தான். 'நீக்கப்பட வேண்டியவர்' என்பதற்கு ஓர் இயந்திரத்தில் வேறென்ன நிறம் இருக்கும்?

மறுநாள் ஒத்திகை பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். சென்னியப்பன் ஏழு மணிக்கே போய், பின்பக்க வழியாக மாடி இருக்கைகளுக்கு ஏறி, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். செருப்பைக் கையில் வைத்திருந்தார். வழியில் ஒரு பூனையிடம் மாட்டிக்கொண்டார். அது காட்டிக்கொடுக்கவில்லை.

கீழே மொத்தக் குழுவும் இருந்தது. அவரில்லாமல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. விளக்கு மேசையில், அவருடைய கை வைத்த நாற்காலியில், பிலோமினா உட்கார்ந்திருந்தாள்.

திருமூர்த்தி கையில் நிறுத்துக்கடிகாரம். "சுகந்தி, கையத் தூக்கிட்டு அப்பிடியே நில்லு. வெளிச்சம் வர்ற வரைக்கும் நில்லு. அவசரப்படாத. இன்னும் ஒரு மூச்சு… இப்ப."

ஆறு சுகந்தியின் கையிலிருந்து பொங்கிச் சரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் தாமதம். சென்னியப்பன் உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது, இடி. அதுவும் தாமதம். அடுத்தது, பாலம் உடையும் இடம். பாலமாக நின்ற இரண்டு நடிகர்கள் உடைவதற்குத் தயாராகி, வெளிச்சம் வராததால் உடையாமல் காத்திருந்து, பிறகு உடைந்தார்கள்.

அவருக்கு ஒரு பக்கம் எரிச்சல், இன்னொரு பக்கம் சொல்லமுடியாத ஆனந்தம். இந்த லட்சணத்தில்தான் என் இடத்துக்கு ஆள் பிடித்திருக்கிறார்களா? ஐந்தாவது தாமதத்தில் அவரால் பொறுக்கமுடியவில்லை. தூணை விட்டு வெளியே வந்தார்.

"அம்மிணி! அஞ்சு பார்த்தேன், அஞ்சும் லேட்டுங்க!"

கீழே எல்லோரும் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"இடி இடிச்சு முடிச்சு வீட்டுக்குப் போனதுக்கப்புறம் மின்னல் வருதுங்க. இந்தக் கைய வெச்சுட்டு லைட்டுப் போட வந்தீங்களாக்கும்?"

சுகந்தி மேடையிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கப்படட்டும் என்று நினைத்துக்கொண்டே சென்னியப்பன் படியிறங்கினார். எல்லோரும் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேராவே கேக்கறேன்" என்றார் திருமூர்த்தியிடம். "என்னைத் தூக்கறீங்களா?"

"என்னங்கண்ணா பேச்சு இது. உங்களைத் தூக்கிட்டு நாங்க என்னங்க பண்றது?"

"அப்ப இது என்னங்க?"

"அது வந்துங்க… எல்லாம் ஒரு நல்லதுக்குத்தானுங்க."

"ஆரோட நல்லதுக்கு?"

"டீ கொண்டாரட்டுங்களாண்ணா?" என்றாள் சுகந்தி முந்தானைக்குள்ளிருந்து.

"முக்கா டம்ளரா? வேண்டாம் சாமி." கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டார் சென்னியப்பன். "முப்பது வருசமுங்க. போய்யான்னு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேட்டியத் தட்டிட்டுப் போயிருப்பேன். அதுக்கு ஏணிய ஒளிச்சு, டீய அளந்து… சரிங்க. நானே கெளம்பறேன்."

அவர் திரும்பினார். பிலோமினா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அண்ணாச்சி, நில்லுங்க. அந்த லேட்டு என்னோடது இல்ல."

"அம்மிணி, வேண்டாமுங்க" என்றார் திருமூர்த்தி.

"சார், கோப்புதான் உங்க பேர்ல இருக்கு. காலு அவருக்குல்லா இருக்கு." அவள் சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். "அது உங்க லேட்டு. நேத்து முன்னோட்டத்துல நீங்க எந்தெந்த நேரத்துல பொத்தானை அமுக்குனீயளோ, அதே நேரத்துல அமுக்குதேன். ஒண்ணேகால் செகண்டு. அதுக்கு ஏத்தாப்ல நிக்கதுக்கு இவங்க பழகுதாங்க. போன நாடகத்துக்கும் இப்படித்தான் பழகுனாங்களாம்."

சென்னியப்பன் சிரிக்கப் பார்த்தார். போன நாடகத்தின் 'அவசரமில்லாத அழகு' பற்றிப் பத்திரிகையில் வந்ததை வெட்டி அவரே பர்ஸில் வைத்திருந்தார்.

"மேடைக்கு வாங்க" என்றாள் பிலோமினா. "சொன்னா நம்பமாட்டீய. நடந்து பாருங்க."

அவர் ஏறினார். அவள் எதையோ அழுத்தினாள். மேடைத் தரையில் ஒரு மனித உருவம் வெளிச்சமாக எழுந்தது. முகமில்லை. தோள், கை, கால் மட்டும். அது இரண்டு கையையும் வீசிக்கொண்டு மேடையின் குறுக்கே நடந்தது.

"ஆருங்க இவன், கல்யாண மாப்பிள்ளையாட்ட வீசிட்டுப் போறான்?"

"நீங்கதான். ரெண்டு வருசத்துக்கு முந்தி, மெஷின் வந்த முதல் வாரம். இப்ப அவன் கூடவே நடங்க."

உருவம் மறுபடி தொடக்கத்துக்கு வந்தது. சென்னியப்பன் அதன் பக்கத்தில் நின்றார். சேர்ந்து கிளம்பினார்கள். மூன்றாவது அடியிலேயே அது அரையடி முந்தியது. சென்னியப்பன் எட்டி வைத்துப் பார்த்தார். எட்டி வைப்பதாக அவர்தான் நினைத்தார், கால் நினைக்கவில்லை. அதன் இரண்டு கையும் வீசின. அவருடைய இடக்கை வீசியது. வலக்கை மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, யாரோ கொடுத்த சாமானைப் பத்திரமாக வைத்திருப்பது போல இருந்தது. அதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

மேடையின் கோடியை அது தொட்டபோது அவர் நாலு அடி பின்னால் இருந்தார். அது திரும்பி எதிரே வந்தது. சென்னியப்பன் தன்னை அறியாமல் ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்.

"இதுக்கு ஒரு பேரு இருக்குமுங்களே" என்றார் பிலோமினாவிடம்.

"பேரை டாக்டர்தான் சொல்லணும். இந்த மாதிரி நடை பத்துப் பேருக்கு இருந்தா அதுல ஒம்பது பேருக்கு நடுக்குவாதம்னு மெஷினுக்குத் தெரியும். அதனால சிவப்பு போட்டு, கோப்புக்குச் சொந்தக்காரருக்குக் கடுதாசி அனுப்பிட்டுது. ஆளா பதிஞ்சிருந்தீயன்னா உங்களுக்கு வந்திருக்கும். சொந்தக்காரருக்குத் தவிர வேற யாருக்கும் நாங்க சொல்லக்கூடாதுன்னு கம்பெனியில சட்டம். இப்ப சொல்லிட்டேன். அதை நான் பாத்துக்கிடுதேன்."

"எனக்கு நடுக்கமே இல்லீங்களே."

"நடுக்கம் பொறவு வரும். சிலபேருக்கு வராமலும் இருக்கும். மொதல்ல மெதுவாகும்."

சென்னியப்பன் திருமூர்த்தியைப் பார்த்தார். "எப்பங்க வந்துச்சு கடுதாசி?"

"சித்திரையிலீங்கண்ணா." திருமூர்த்தி தரையைப் பார்த்தார். "சொல்லணும்னு அன்னைக்கே வந்தேனுங்க. நீங்க ஏணிமேல நின்னு பாட்டுப் பாடிட்டு ஒயரு கட்டிட்டு இருந்தீங்க. வாய் வரலீங்க. மொதல்ல ஏணிய எடுத்துரலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு…"

"எட்டு மாசமுங்க."

"ஆமாங்கண்ணா."

"எட்டு மாசம் நாடகத்தையே மெதுவா ஓட்டியிருக்கறீங்க."

"நல்லாத்தானேண்ணா எழுதுனாங்க" என்றாள் சுகந்தி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "எனக்கே அதுல நல்ல பேருதானுங்க."

சென்னியப்பனுக்கு அவர்கள்மேல் கோபம் வரவேண்டும். வந்ததா, வேறெதுவும் வந்ததா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பத்துப் பேர் எட்டு மாதம் தன் ஒரு விரலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்த எட்டு மாதமும் அவர்களைத் திருடர்களைப் போலப் பார்த்துக்கொண்டு தூணுக்குத் தூண் ஒளிந்திருக்கிறார். இதில் யார் யாரை மன்னிப்பது?

"அம்மிணி, அன்னைக்கே தெரிஞ்சிருந்தா?"

பிலோமினா திருமூர்த்தியைப் பார்க்கவில்லை. "அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிருக்கலாம். இந்த எட்டு மாசம் உங்களுக்கு லேசா இருந்திருக்கும்."

திருமூர்த்தி கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றார்.

அதை நிறுத்த யாருக்கும் தோன்றாததால் வெளிச்ச உருவம் மேடையில் இன்னும் நடந்துகொண்டிருந்தது. கோடிக்குப் போனது, திரும்பியது, கை வீசிக்கொண்டு வந்தது. சென்னியப்பன் அதையே பார்த்தார். நல்ல நடை. இருந்தபோது ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

"நாளைக்கே டாக்டரைப் பாத்து, மாத்திரை சாப்பிட்டு, சொன்னதெல்லாம் செஞ்சுட்டு வந்தா, இவனைப் புடிச்சுருவனுங்களா?"

"கண்டிப்பாங்கண்ணா!" என்றாள் சுகந்தி.

"அதெல்லாம் ஜம்முனு நடப்பீங்க, ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றார் திருமூர்த்தி.

சென்னியப்பன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பிலோமினாவைப் பார்த்தார். அந்த உருவம் மேடையின் மறுகோடிக்குப் போய்ச் சேரும்வரை அவள் அதையே பார்த்தாள்.

"மருந்து சாப்பிட்டா ரொம்ப வருசம் நல்லா நடப்பீய, அண்ணாச்சி. லைட்டும் போடுவீய" என்றாள். "அவனைப் புடிக்க மாட்டீய."